இழக்கப்படும் இரட்சிப்பும் இழக்கப்படாத முத்தியும்

சிவமயம்

கிறிஸ்து சமயத்தாருள்ளே ஒரு வினா நெடுங்காலமாக முடிவுபெறாது கிடக்கின்றது. ஒருவன் கிறிஸ்துவை விசுவசித்து இரட்சிப்பை அடைந்தபின், அவ்விரட்சிப்பை அவன் இழத்தல் கூடுமோ கூடாதோ என்பதே அவ்வினா. கூடும் என்பாரும் கூடாது என்பாருமாக அவர்கள் இருபெரும் பகுதியினராய் நின்று, ஒருவரையொருவர் மறுத்து நூல்கள் பல எழுதியும், சிற்சில காலங்களிற் சிறையிலிட்டும் வழக்காடியிருக்கின்றனர். பிற சமயத்தார் தம்முள் நிகழ்த்தும் வழக்கிற் சைவராகிய நாம் புகாதிருத்தலே முறை. யாமும் அங்ஙனமே இருந்தோம். ஆயின் சென்ற மார்கழியில் அவ்வழக்கு எமது இல்லத்துத் திண்ணைக்குத் தானே நடந்து வந்துவிட்டது. வந்தபின் வாளாவிருத்தல் தகாதென்று கண்டு இதனை எழுதுகின்றோம்.

உத்தரமேரூருக்கு அணித்தாகிய சிற்றூரொன்றில் வாழும் அன்பர் ஒருவர் இளமையில் எம்மிடந் தமிழ் பயின்றவர். அவர் பெயரும் ஊரும் ஈண்டு வேண்டா. மணமானபின் கிறிஸ்து சமயம் புகுந்து, ஞானஸ்நானம் பெற்று, இருபது ஆண்டுகள் அச்சமய ஒழுக்கத்திற் குறைவின்றி நின்றனர். கள்ளுண்ணாமை, பொய்யாமை, பிணியாளரைச் சென்று காணுதல் என்னும் இவை அவர்பால் விளங்கியமையை ஊரார் அறிவர், யாமும் அறிவோம். அவர்தம் அன்னையார் மாத்திரம் இறுதிகாறுந் திருநீறு அணிந்தவராகவே இருந்து, சென்ற ஐப்பசியிற் காலமாயினர். பிள்ளை இவர் ஒருவரே. தமக்குக் கொள்ளி மகனே வைத்தல்வேண்டுமென்று அவ்வம்மையார் கேட்டுக்கொண்டிருந்தமையால், இவர் தலைமழித்து, நீறணிந்து, கொள்ளி வைத்துப் பதினாறாம் நாட் கருமமும் முடித்தனர்.

அதன்மேல் எழுந்தது வழக்கு. அவர் சார்ந்த சபையில் ஓர் உபதேசியார் வந்து, “நீர் இரட்சிப்பை இழந்துவிட்டீர், ஒருமுறை ஒளிபெற்றுப் பின் வழுவினோர்க்கு மீட்சி இல்லை” என்றனர். மற்றோர் உபதேசியார் வந்து, “மெய்யாக இரட்சிக்கப்பட்டவன் இதனைச் செய்யான், ஆகலின் நீர் ஒருநாளும் விசுவாசியாய் இருந்ததில்லை, இருபது ஆண்டும் வேடமே” என்றனர். இவ்விருவர்க்கும் அஞ்சி நம்மவரிடஞ் சென்றால், நம்மவருட் சிலர், “விட்டுப் போனவனுக்கு இங்கே இடமில்லை, நீ வைத்த கொள்ளி உன் தாய்க்குஞ் சேராது” என்றனராம். அன்பர் திண்ணையில் நெடுநேரம் வாய்திறவாது இருந்து, “ஐயா, நான் பெற்று இழந்தேனா, பெறவே இல்லையா? இரண்டில் எது மெய்?” என்று கேட்டனர். இரண்டும் மெய்யல்ல என்று அன்று சொல்லி அனுப்பினோம். எங்ஙனம் மெய்யல்ல என்பதை விரித்தற்கே இக்கட்டுரை.

அவர்தம் வேதாகமத்திலேயே இருவகைக் கருத்திற்கும் இடமுண்டு. கூடாது என்பார்க்கு யோவான் சுவிசேஷத்துப் பத்தாம் அதிகாரமும், பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்து எட்டாம் அதிகாரமும் அரண். மேய்ப்பனது கையகப்பட்ட ஆட்டினைப் பறிப்பார் இல்லை என்பதும், கடவுளின் அன்பினின்றும் பிரிக்கவல்லது யாதுமில்லை என்பதும் அவற்றின் கருத்து. கூடும் என்பார்க்கு எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் ஆறாம் அதிகாரமும் பத்தாம் அதிகாரமும் அரண். ஒவ்வொரு சாராரும் தமக்கு ஏலாத அதிகாரத்துக்கு வேறு பொருள் உரைத்துக்கொண்டு போவர். ஒருநூலுக்கு இருவர் மாறுபட உரைசெய்தல் எச்சமயத்தும் உள்ளதே. அதனை யாம் குற்றமாகக் கூறேம். அவ்வுரை ஒவ்வொன்றின் முடிவும் எங்கே கொண்டுபோய் விடுகின்றது என்பதே நோக்கற்பாலது.

இவ்வழக்கு மிகப் பழையது. கி.பி. 250-இல் உரோமப் பேரரசனாகிய தெசியுஸ் என்பான் யாவரும் அரசாங்கத் தெய்வங்கட்குப் பலியிடவேண்டுமென ஆணையிட்டபோது, கிறிஸ்தவர் பலர் அச்சத்தாற் பலியிட்டனர்; சிலர் பொருள் கொடுத்து, பலியிட்டதாகச் சான்றோலை வாங்கி வைத்துக்கொண்டனர். அச்சம் நீங்கியபின் அவர்கள் சபைக்கு மீண்டுவர, அவரை ஏற்கலாமோ என்னும் விவாதம் மூண்டது. கார்த்தேசு நகரத்து மேற்றிராணியார் சிப்பிரியானு என்பவர் தக்க தவம் ஆற்றியபின் ஏற்கலாமென்றனர். உரோமையில் நொவாத்தியானு என்பவர் ஏற்கலாகாதென்று தனிச்சபை கண்டனர். பிற்காலத்து உரோமை சபையார் 1547-இல் திரெந்து நகரத்துச் சங்கத்திலே, சாவான பாவத்தால் அருள்நிலை இழக்கப்படும் எனவும், பாவசங்கீர்த்தனத்தால் அது மீளப்பெறப்படும் எனவும் வரையறுத்தனர். லுத்தர் வழியினரும், 1530-இல் தாம் வகுத்த அவுகஸ்பூர்க்கு அறிக்கையில், இழத்தல் கூடாதென்பாரைக் கடிந்தே உள்ளனர். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு ஐயர் இவ்வழியினர்.

கூடாதென்னுங் கொள்கையைத் தலைமேற்கொண்டு நின்றவர் கல்வின் வழியினர். ஒல்லாந்து தேசத்திலே அர்மீனியு என்னும் ஆசிரியர் கல்வின் கொள்கையை ஐயுற்று வினவினர். அவர் 1609-இல் இறந்தபின் அவர் மாணாக்கர் 1610-இல் ஐந்து உறுப்புடைய விண்ணப்பம் ஒன்று வரைந்தனர். அதன் ஐந்தாம் உறுப்பு இவ்வினாவைப் பற்றியதே; அதில் அவர்கள் இழத்தல் கூடுமென்று துணிந்தும் உரையாது, வேதாகமத்தால் இன்னும் ஆராயற்பாலது என்ற அளவிலே நிறுத்தினர். ஆராய்வோம் என்றதற்கே தண்டம் பெரிதாயிற்று. 1618-இல் தொர்த்து நகரிற் கூடிய சங்கம் 1619-இல் அவரை மறுத்துத் தீர்ப்பளித்தது. குருமார் பலர் பதவியிழந்தனர். நாடு கடத்தப்பட்டாரும் உளர். அவர்க்கு ஆதரவாய் நின்ற முதுபெரும் அமைச்சர் ஒல்தன்பார்னெவெல்த்து என்பார், எழுபத்தோராம் வயதில், அவ்வாண்டு மே மாதத்தில், தலை துணிக்கப்பட்டனர். அரசியற் பகையும் அதனுடன் கலந்திருந்தது மெய்யே. எனினும் இரட்சிப்பு நிலைபெறுமென்று நாட்டினார் கையில் முதியவர் ஒருவர் தலை நிலைபெற்றிலது.

அந்த 1619-ஆம் ஆண்டே யாழ்ப்பாணத்து நல்லூர் அரசு பறங்கியர் கைப்பட்ட ஆண்டு என்பது சைவர் மறக்கற்பாலதன்று. பறங்கியரை வென்று 1658-இல் யாழ்ப்பாணத்துட் புகுந்த ஒல்லாந்தர், தொர்த்துச் சங்கத்துத் தீர்ப்பையே தம் சபைக்குச் சட்டமாகக் கொண்டவர். அவர் ஆட்சியில் உத்தியோகமும் உரிமையும் வேண்டினார் ஞானஸ்நானம் பெறவேண்டியதாயிற்று. பல்லாயிரவர் பெற்றனர்; பெற்று, வீட்டிலே மறைவாகச் சிவபூசையும் விரதமுங் காத்தனர். 1796-இல் இலங்கைக் கரைநாடுகள் ஆங்கிலேயர் வசமாகி அந்நெருக்கடி தளர்ந்தவுடன், அவருட் பெரும்பாலார் நீறணிந்து வெளிப்பட்டனர். கூடாதென்னுங் கொள்கையினர் இதற்குச் சொல்லும் விடை எளிது: அவர் மெய் விசுவாசிகளல்லர் என்பதே. அச்சத்தாற் புகுந்தாரைப் பற்றி அவர் அங்ஙனங் கூறுவது ஒக்கும், யாமும் உடன்படுவோம்.

ஆயின் பின்வந்த வரலாறு அத்துணை எளிதன்று. 1814-இல் வெஸ்லியன் மிஷனாரும் 1816-இல் அமெரிக்க மிஷனாரும் இலங்கையிற் புகுந்து யாழ்ப்பாணத்தில் நிலைகொண்டனர். முன்னவர் அர்மீனியுவின் சார்பினர். பின்னவர் கல்வின் மரபினின்று கிளைத்தவர். அவ்விரு மரபிற்குமுள்ள பகை சிறிதன்று. இங்கிலாந்திலே வெஸ்லியும் அவர் நண்பர் வைற்பீல்டும் 1741-ஆம் ஆண்டளவிற் பிரிந்தது கல்வின் கோட்பாட்டைப் பற்றிய இவ்வகை வழக்கினாலேயே. அத்தகைய இரு மரபினர் ஒரு சிறு குடாநாட்டிற் சில காததூரத்தில் இருந்துகொண்டு, சைவர்க்கு இரட்சிப்பு உரைத்தனர். இதனை அண்மையிலிருந்து நோக்கியவர் நல்லூர் ஆறுமுகநாவலரவர்கள். வெஸ்லியன் பாடசாலையிற் பார்சிவல் பாதிரியாரோடிருந்து வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவியமையால் அந்நூலை அச்சமயத்தார் பலரினும் நன்கு கற்றவர். 1848-இல் அவ்வேலையை விடுத்து வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை கண்டனர். 1854-இற் சைவதூஷணபரிகாரம் வெளியிட்டனர். அதனை மறுத்து எழுதிய விசுவநாதபிள்ளையவர்கள் வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற பெருங்கல்விமான். பின்னர் அவர்தாமே சைவராயினர். கிறிஸ்தவக் குடியிற் பிறந்து அதே செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களும் சைவராகிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்து உலகிற்கு உதவினர். இவர்கள் அச்சத்தாற் புகுந்தாரல்லர், பதவிக்காக மீண்டாருமல்லர். மீண்டதனால் அக்காலத்துப் பதவி குறைதலே இயல்பு. இவர் விசுவாசம் பெற்று இழந்தாரோ, பெறவே இல்லையோ என்று கேட்டால், ஒரு மிஷன் வழியார் ஒருவிடையும் மற்றை மிஷன் வழியார் மற்றொருவிடையும் தருதற்குரியர்.

நம் பக்கத்துச் செய்தியும் இதுவே. காஞ்சீபுரத்திலும் செங்கற்பட்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பள்ளிகள் நிறுவிய ஸ்காத்துலாந்து மிஷனார், வெஸ்ற்மினிஸ்டர் அறிக்கையைக் கைக்கொண்ட கல்வின் வழியினர். அவ்வறிக்கையின் பதினேழாம் அதிகாரம் இழத்தல் கூடாதென்றே கூறும். அம்மிஷன் வழிவந்த சபையும் மெதடிஸ்து சபையும் ஆங்கிலிக்கன் சபையும் 1947 செப்டம்பர் 27-இற் சென்னையில் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபையாயின. ஒற்றுமை நன்றே. எனினும் இவ்வினாவைத் தீர்த்துக்கொண்டு இணைந்தாரல்லர். தீர்க்காது ஒருபுறம் வைத்து இணைந்தனர். எம்மிடம் வந்த அன்பர் சார்ந்த சபை இதுவன்று, வேறு. இருபெருங் கொள்கைகள் நம் நாட்டில் எவ்வாறு அருகருகே வாழ்கின்றன என்பதைக் காட்டற்கே இதனைக் கூறினோம்.

இனிக் கொள்கைகளை ஆராய்வாம்.

முதற்கண், கூடாது என்பாரை வினவுகின்றோம். ஒருவன் இருபது ஆண்டு விசுவசித்து இருபத்தோராம் ஆண்டு விலகினால், அவன் என்றும் விசுவசித்திலன் என்கின்றீர். அவ்விருபது ஆண்டினுள்ளே அவன் நெஞ்சிற் கண்ட உறுதி, நுமது நெஞ்சில் இன்று நீவிர் காணும் உறுதியினின்றும் யாதால் வேறுபட்டது? அவனுந் தன்னை இரட்சிக்கப்பட்டவன் என்றே எண்ணினன். நீவிரும் அங்ஙனமே எண்ணுகின்றீர். நாளை நீவிர் விலகின், நுமது இன்றைய உறுதியும் வேடமாய்விடும். ஆகவே இறக்குங்காறும் ஒருவனுக்குந் தான் இரட்சிப்பு உடையனோ இலனோ என்பது தெரியாது. அசையாத உறுதி தருவதற்கென்று எழுந்த கொள்கை, இருந்த உறுதியையும் பறித்துக்கொண்டு போவதை நோக்குக. மருத்துவன் ஒருவன், “எம் மருந்து உண்டவர் நோயால் இறவார்” என்று பறையறைந்து, உண்டவன் ஒருவன் இறந்தபோது, “இறந்தமையால் அவன் உண்டது எம் மருந்தன்று” என்பானாயின் அம்மருந்தின் பெருமை எத்தகைத்து? வீழாமைக்கு மெய்ம்மையையும், மெய்ம்மைக்கு வீழாமையையும் ஏதுவாக்குதலின், இது தருக்கநூலார் விலக்கிய குற்றமாம்.

அவர் மறுத்து, மெய் விசுவாசம் தன் கனியால் அறியப்படும் என்பர். நன்று. எம் அன்பர்பால் இருபது ஆண்டு கனி இருந்ததை அவர் சபையாரே ஒப்புவர். கள்ளை விட்டார், பொய்யை விட்டார், பிணியாளரைப் பேணினார். தாய்க்குக் கொள்ளி வைத்த ஒருநாளில் அக்கனியெல்லாங் காயாகிவிடுமோ? தாயின் இறுதி விருப்பத்தை மகன் நிறைவேற்றியதையே கனியின்மைக்குச் சான்றாக்குவார்க்கு யாம் உரைப்பது யாதுமில்லை.

இனிக் கூடும் என்பார்பால் வருவோம். இவர் கூற்று உலகியலுக்கு இணங்கியது. மனிதர் வழுவுதலைக் கண்ணாற் கண்டு பேசுகின்றனர். வழுவினோர் மீளலாம் என்று அவருட் பலர் வாயிலுந் திறந்து வைத்துள்ளனர். அம்மட்டில் அவரை யாம் பாராட்டுவோம். ஆயினும் பெற்று இழந்து, இழந்து பெற்று வருவதொன்றை வீடுபேறென்றல் எங்ஙனம்? தோன்றியது அழியும். புண்ணியத்தாற் பெற்ற சுவர்க்கம் அப்புண்ணியம் முடியின் கழியும் என்று நம் நூல்கள் கூறும். அதனாலன்றோ சுவர்க்கத்தை முத்தியென்று கொள்ளாது விடுத்தனர் பெரியோர். இவர்கள் இரட்சிப்பென்பது அத்தன்மைத்தாய் முடிகின்றது. அன்றியும், இவர் மதத்திற் பிறவி ஒன்றே, நரகமோ முடிவில்லாதது. அறுபது ஆண்டு நன்னெறி நின்று கடைநாளில் வழுவி அவ்விரவே மாண்டவனுக்கு முடிவிலா நரகம்; அறுபது ஆண்டு கொலையுங் களவுமாய் நின்று கடைநாழிகையில் விசுவசித்தவனுக்கு முடிவிலா மோட்சம். நாள் கணக்கிட்டு ஊதியந் தரும் நிலக்கிழான் ஒருவன் கூட இங்ஙனஞ் செய்யத் துணியான்.

இருதிறத்தாரும் இடர்ப்படுதற்கு வேர் ஒன்றே. உயிர் இறைவனாற் புதிதாகப் படைக்கப்பட்டது, அதற்குப் பிறவி ஒன்றே, அதன்பின் மாறாத முடிவு என மூன்றையும் முன்னரே உடன்பட்டுவிட்டனர். பக்குவப்படுதற்குக் காலமில்லை. விதை ஊன்றிய அன்றே கனி கொய்யவேண்டியவன் என் செய்வான்? முளைத்த கணத்தையே கனிந்த கணமென்று பெயரிட்டு அழைப்பன். மனம் உருகிக் கண்ணீர் சொரிந்த ஒரு நாழிகையை இரட்சிப்பென்று பெயரிட்டபின், அவ்வுருக்கம் மாறுமிடத்து, இழந்தானென்றாவது பெறவில்லையென்றாவது சொல்லித் தீரவேண்டியதாகின்றது. பாசி மூடிய குளத்திற் கல்லெறிந்தால் நீர் சிறிது விளங்கிப் பின் பாசி மூடும். விளங்கியதும் மெய், மூடியதும் மெய். நீரைக் கண்டதேயில்லை என்றல் பொய். குளம் தூர்ந்துபோயிற்று என்றலும் பொய்.

அருள் இறைவனுடையதே, உயிரின் முயற்சியாற் பிறப்பதன்று என்று கல்வின் வழியினர் வற்புறுத்துவதை யாம் மறுக்கவில்லை. சத்திநிபாதம் இறைவன் செயலே. ஆயின் அவர், இறைவன் சிலரைத் தெரிந்தெடுத்துச் சிலரைக் கைவிட்டனன் என்பர். தெரிந்தெடுத்தற்குக் காரணம் உயிரிடத்து யாதுமில்லை என்றுங் கூறுவர். இஃது இறைவனுக்கு நடுவின்மையாகிய குற்றத்தை ஏற்றும். ஞாயிறு எல்லாத் தாமரைக்கும் ஒப்பவே காய்கின்றது. பக்குவமுற்ற முகை அலர்கின்றது, ஏனையது நாளை அலரும். நாளை என்பது இல்லாத மதத்திலேதான் அலராத முகையைத் தீயிலிட வேண்டியதாகின்றது. (வீழ்தலும் பற்றுதலுமாகிய இவ்வழக்கின் சாயல் நம் காஞ்சிநகரத்து வைணவரிடையிலும் உண்டு. தாயைக் குட்டி பற்றும் குரங்கின் நெறி வடகலையார்க்கும், குட்டியைத் தாய் கவ்வும் பூனையின் நெறி தென்கலையார்க்கும் உரியனவாகச் சொல்லப்படும். அவர் அதனை நித்திய நரகத்தோடு முடிச்சிடவில்லை.)

“நும் மதத்தில் மாத்திரம் யாது சிறப்பு? முத்தியிலும் மலம் உண்டென்கின்றீர். உள்ளது மீள எழாதோ? கயிலையில் இருந்த ஆலாலசுந்தரர் நிலவுலகிற் பிறந்திலரோ?” எனின், இரண்டும் தக்க வினாக்களே, விடை கூறுதும்.

சைவசித்தாந்தம் எதனை இழக்கலாம், எதனை இழக்கலாகாது என்பதைப் படிப்படியாக வகுத்துரைக்கின்றது. தீக்கையாற் சஞ்சிதம் வறுத்த வித்துப்போல முளையாதொழியும். பிராரத்தம், குயவன் கோலை எடுத்தபின்னும் சுழலும் திகிரிபோல, உடம்புள்ள அளவும் நிகழும். பெருங்காயம் வைத்த பாண்டத்தில் அது நீங்கியபின்னும் மணம் நிற்குமாறுபோல, வாசனை நிற்கும். அவ்வாசனை மறதியால் தாக்கும் என்பதனாலன்றோ, சிவஞானபோதத்து ஒன்பதாஞ் சூத்திரத்தில் திருவைந்தெழுத்து விதிப்படி ஓதுதலும், பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் அடியாரோடு கூடுதலும் திருவேடமும் ஆலயமும் தொழுதலும் மெய்கண்டதேவரால் விதிக்கப்பட்டன. சீவன்முத்தருக்கும் காவல் வேண்டும் என்பதே இதன் பொருள். இனி, தீக்கை பெற்றுச் சமயாசாரங் கடந்தோர்க்கு ஆகமங்கள் கூறும் தண்டத்தை நோக்குக: நூறாண்டு ஊனுண்ணும் பேய்ப்பிறவி என்ப. கொடியதே. ஆயின் நூறு என்னும் எண் அங்கே இருக்கின்றது. எண்ணுள்ள தண்டத்திற்கு முடிவுண்டு. முடிவின்பின் வழி உண்டு. உடம்பு நீங்கிச் சிவத்தோடு அத்துவிதமாய்க் கலந்த பரமுத்தியிலோ, மலம் ஞாயிற்றின் முன் இருள்போலத் தன் சத்தி மடங்கி நிற்கும். இரதகுளிகை தீண்டிய செம்பிற் களிம்பு மீளத் தோன்றாது. இருள் பொருளாய் உள்ளதாயினும், ஞாயிற்றின் மடியில் இருப்பவனை அது மறைக்குமோ?

சுந்தரமூர்த்திகள் கயிலையில் இருந்தது பதமுத்தி நிலை. சாலோக சாமீபங்களினின்று மீளுதல் உண்டென்றே நூல்கள் கூறும். அவ்வரலாறு முழுதும் இவ்வழக்கிற்கு நேர்விடையாதலைக் காண்க. விலகி வந்தவரைப் புத்தூர் மணப்பந்தரிற் பெருமான் தாமே ஓலையோடு வந்து தடுத்தார். திருவெண்ணெய்நல்லூர் அவையிலே வழக்காடி ஆட்கொண்டார். பின் திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவைத் தம்பிரான்தோழர் தவறினார். தவறிய கணத்தே இரு கண்ணொளியும் மறைந்தன. அதுகண்டு, “இவன் என்றும் என் தோழனாய் இருந்ததில்லை” என்று பெருமான் கூறினாரல்லர். “இனி மீட்சியில்லை” என்றுங் கூறினாரல்லர். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் தந்தார். நம் காஞ்சித் திருவேகம்பத்தில் ஒரு கண் தந்தார். திருவாரூரில் மற்றைக் கண் தந்தார். தண்டித்தலும் கைவிடாமையும் ஒருங்கே நிகழ்ந்தன. ஊன்றுகோல் தந்த இடத்திலேயே கண்ணையுந் தந்திருக்கலாம், தரவில்லை. வழிநடந்து வருதல் வேண்டியிருந்தது.

இனி நம்மவர்க்குச் சில சொல்லவேண்டும். அயலாரை மறுத்தல் எளிது.

அன்பரை நோக்கி, உனக்கு இங்கே இடமில்லை என்று கூறிய சைவர், தாம் மறுக்கும் உபதேசியார் கூறியதனையே நீறணிந்துகொண்டு கூறினர். நொவாத்தியானு என்பவரை அவர் கேட்டும் அறியார். ஆயினும் அவர் வழியிலே நிற்கின்றனர். எம்மூர்க் கல்வெட்டினை அவருள் ஒருவர் மேற்கோளாகக் காட்டினர். வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவரில், முதற்பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட குடவோலை விதிகளில், உண்ணத்தகாதன உண்டு பிராயச்சித்தஞ் செய்து தூயரானாரும் உயிருள்ளவரை வாரியத்துக்குக் குடவோலை இடத்தகார் என்றிருப்பது மெய்யே. கணக்குக் காட்டாதாரும் அவர்தம் நெருங்கிய சுற்றத்தாரும் அங்ஙனமே விலக்கப்பட்டனர். ஆனால் அது வாரியப் பதவி. ஏரியையும் பொன்னையும் கழனியையும் காப்பார்க்கு வகுத்த தகுதி. ஊர்ப்பொருளைக் காப்பவனுக்கு ஒரு மறுவும் ஆகாதென்று விதித்த அப்பெருமக்களே, பிராயச்சித்தத்தால் அவன் தூயனானான் என்பதையும் அவ்விதியிலேயே ஒப்புகின்றனர். தூய்மை வேறு, பதவி வேறு. எம்பெருமான் திருமுன்னர்ச் சென்று நிற்றற்குக் குடவோலை வேண்டுவதில்லை.

திருவாமூர் மருணீக்கியாரை நினைமின். சமண் புகுந்து, தருமசேனர் என்னும் பெயரோடு அவர்க்குத் தலைவராய் இருந்து, நம் சமயத்தையே எதிர்த்து வாதித்தவர். சூலைநோயோடு இரவிலே திருவதிகைக்கு ஓடிவந்தபோது, திலகவதியம்மையார் அவரை நிறுத்திவைத்துக் கணக்குக் கேட்டாரல்லர். ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்து, வைகறையில் திருக்கோயிலுக்கு உடனழைத்துச் சென்றார். எம் அன்பரோ நம் சமயத்தை ஒருநாளும் இகழ்ந்தாரல்லர். தாயின் திருநீற்றுப் பெட்டகத்தை இருபது ஆண்டும் தம் வீட்டு மாடத்தில் வைத்திருந்தார்.

அவர் வினாவிற்கு யாம் கூறிய விடை இது. இருபது ஆண்டு நீர் செய்த வழிபாடு வேடமன்று. எப்பெயரால் வணங்கினும் அவ்வணக்கத்தை ஏற்றுப் பயன் அளிப்பவன் ஒருவனே என்பது எம் ஆசாரியர் துணிவு. அந்நெறியும் உயிர் ஏறும் படிகளுள் ஒன்று. அதில் நீர் பெற்ற நற்குணம் உம்மோடு வரும், அதனை இழந்தீரல்லீர். அதனை வீடுபேறென்று கூறினாரே அதுதான் பிழை. பெறாததை எங்ஙனம் இழப்பீர்? தாய்க்கு வைத்த கொள்ளி தாய்க்குச் சேர்ந்தது. இனி இவ்விடம் வருதலும் அவ்விடம் இருத்தலும் உம் நெஞ்சைப் பொறுத்தன. அச்சத்தால் வாராதீர், அச்சத்தால் அங்கும் இராதீர்.

அவர் அன்று விடை கூறவில்லை. தைப்பூசத்துக்கு மறுநாள் மீண்டும் வந்து, தமக்குச் சமயதீக்கை ஆகுமோ, அதற்குமுன் செய்யக்கடவ பிராயச்சித்தம் யாது என்று வினவினர். யாம் பயின்ற திருமடத்து ஆசாரியருக்குக் கடிதம் எழுதியிருக்கின்றோம். விடை வருமளவும் திங்கள்தோறும் எம்மோடு உத்தரமேரூர்க் கயிலாயநாதர் திருக்கோயிலுக்கு வருகின்றார். அவரைக் கண்டு முகந்திருப்பும் நம்மவர், ஆகமப் பிரமாணங் காட்டி எமக்கு எழுதுவாராயின், அதற்கும் விடை எழுதச் சித்தமாயிருக்கின்றோம்.

திருச்சிற்றம்பலம்.